ஏழு இலைக் கஸ்தூரி ரோஜா

ஹைதராபாத் குகட்பள்ளியில் என் மகள் வீட்டுக்குக் கீழே ஒரு செடிக்கடை இருக்கிறது. போன வாரம் மகள் அங்கே ஒரு தொட்டி ரோஜா வாங்கினாள். கடைக்காரப் பெண் செடியைத் தூக்கிக் கொடுக்கும்போது தெலுங்கில் ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக் கொடுத்தாள். காம்புக்கு அஞ்சு இலை இருந்தால் நல்ல ரோஜாவாம். அடியிலிருந்து ஏழு இலையோடு எதாவது கிளம்பினால் யோசிக்காமல் வெட்டிவிட வேண்டுமாம். நான் அங்கேயே குனிந்து இலைகளை எண்ண ஆரம்பித்தேன். “கியா ஹுவா மம்மி? என்ன ஆச்சு?” என்றாள் மகள். சொன்னால் கேட்கவா போகிறாள்? போனைத் தடவிக்கொண்டே ‘ஹாங், ஹாங்’ என்பாள்.

அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்து, இன்றைக்கு முட்டி வலியும் சர்க்கரை மாத்திரையுமாகத் திசைக்கொருவராகக் கிடக்கும் என் வயதுக்காரர்களே, உங்களுக்குத்தான் அந்த ஒர்க்ஷாப் சைரனைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. காலையில் அது ஊதியதும் சைக்கிள்கள் ஆறு போல ஓடுமே, அந்தச் சைக்கிள்களில் ஒன்று என் அப்பாவுடையது. அவர் அங்கே ஃபிட்டர். ஆனால் காலனியில் யாரும் அவரை ஃபிட்டர் என்று சொன்னதில்லை. ரோஜா மேஸ்திரி என்பார்கள்.

எங்கள் குவார்ட்டர்ஸுக்கு முன்னால் எட்டி நடந்தால் முடிந்துவிடும் அளவுக்கு ஒரு தோட்டம். எஞ்சினில் எரிந்து மிஞ்சிய கரிக்கட்டியால் பாத்தி கட்டி, அப்பா அதில் ரோஜா வைத்திருந்தார். எல்லாம் ஒட்டு ரோஜா. கீழே வேர் ஒரு காட்டு ரோஜாவுடையது, மேலே ஒட்டி வளர்ப்பது உயர்ந்த ஜாதி. கீழே இருப்பது சும்மா இருக்காது. தானும் கிளைவிடப் பார்க்கும். விட்டால் மேலே உள்ளதைக் கொன்றுவிடும். அதற்குத்தான் அந்தக் கணக்கு, அஞ்சு இலை என்றால் உயர்ந்த ஜாதி, ஏழு இலை என்றால் காட்டு வேர். தசரா முடிந்து மழை ஓய்ந்ததும் அப்பா வேர்களைத் திறந்து வெயில் காட்டுவார், கிளைகளைக் கழிப்பார், வெட்டிய நுனிக்கெல்லாம் சாணி அப்புவார். எலும்புத்தூளும் வேப்பம்புண்ணாக்கும் கலந்து அவர் உரம் போடும் நாட்களில் எங்கள் வீட்டுப் பக்கம் விருந்தாளி வரமாட்டார்கள். கழிக்கும் கத்தரியைக்கூட அவரே ஒர்க்ஷாப்பில் பழைய ஸ்பிரிங் பட்டையில் செய்துகொண்டார். அடுத்தவர் தோட்டத்திலும் அதோடு நுழைவார். ஏழு இலையைக் கண்டால் கேட்காமலே வெட்டுவார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. மேஸ்திரி கை பட்டால் பூக்கும் என்று நம்பினார்கள்.

அம்மாவுக்கு அந்த ரோஜாக்களில் அக்கறை கிடையாது. அவளுக்கு ஒரே ஒரு செடிதான் இருந்தது. பின்பக்கம், துணி துவைக்கும் கல்லை ஒட்டி.

அதைக் கொடுத்தது பக்கத்து வீட்டு காலா. காலா என்றால் அவர்கள் உருதுப் பேச்சில் சித்தி. அவர் வீட்டுக்காரர் ரயிலில் கார்டு, பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். எனக்குத் தம்பியோ தங்கையோ வர வேண்டிய இடத்தில் இரண்டு குழந்தைகள் பிறந்து, தங்காமல் போயிருந்தன. இரண்டாவது குழந்தை இறந்த மாதம் முழுக்க அம்மா யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அப்பா? அடக்கம் பண்ணிவிட்டு வந்தார், குளித்தார், கடப்பாரையை எடுத்துக்கொண்டு ரோஜாப் பாத்திக்குப் போனார். மறுநாள் சைரனுக்கு வேலைக்குப் போய்விட்டார். ஒரு சொட்டுக் கண்ணீரை நான் பார்க்கவில்லை. அம்மாவும் பார்க்கவில்லை. “அந்த மனுஷனுக்கு நெஞ்சுல இருக்கிறதும் ஒர்க்ஷாப்பு இரும்புதான்” என்று காலாவிடம் சொன்னாள்.

அப்போதுதான் காலா சார்மினார் பக்கம் இருந்த தன் அக்கா வீட்டிலிருந்து ஒரு பதியன் கொண்டுவந்தார். கிளையை வளைத்து மண்ணில் புதைத்து, வேர்விட்டதும் வெட்டியெடுத்த செடி. “இது பேரு நஸ்தரன்மா. தண்ணி ஊத்து, ஊத்தாத போ, சாகாது” என்றார். அம்மா அதைக் கஸ்தூரி ரோஜா என்றாள். வெள்ளையாக, காசளவு பூ. ஒற்றை அடுக்குதான். ஆனால் கொத்துக் கொத்தாக வரும். பக்கத்தில் போய் முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. பாத்திரம் கழுவிக்கொண்டு தூரத்தில் உட்கார்ந்திருந்தால் காற்றில் மிதந்துவந்து மூக்கில் ஏறும். தேனும் கிராம்பும் கலந்த மாதிரி ஒரு மணம். சித்திரை வெயிலில் அப்பாவின் உயர்ந்த ஜாதிகள் எல்லாம் சுருண்டபோதுகூட இது பாத்திரம் கழுவிய தண்ணீரைக் குடித்துக்கொண்டு ஜம்மென்று நின்றது. அப்பா அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததுகூட இல்லை. துவைக்கிற இடம் பெண்கள் இடம் என்பது அவர் நினைப்பு.

மூன்றாவது தடவை அம்மா உண்டாகியிருந்தபோது, ஒருநாள் நான் துவைக்கும் கல் பக்கத்தில் கட்டம் கிழித்துப் பாண்டி ஆடினேன். தாண்டிய வேகத்தில் அந்தச் செடியின் ஒரு கிளை முறிந்தது. அம்மா வந்தாள் பாருங்கள், அப்படி ஒரு முகத்தை நான் கண்டதில்லை. என் காதைப் பிடித்துச் செடி முன்னால் நிறுத்தி, “இந்தச் செடி நின்னாத்தான் என் வயித்துல இருக்கிறதும் நிக்கும். புரியுதா? இனி இது கிட்ட கால் வெச்சே, அவ்வளவுதான்” என்றாள்.

புரிந்தது. பத்து வயதில் அப்படிப் புரிந்தால் அது எலும்புவரை போய்விடும். அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் முதலில் அந்தச் செடியைப் போய்ப் பார்ப்பேன். அதற்கப்புறம்தான் பல் துலக்குவது.

விநாயகர் சதுர்த்தி முடிந்த சில நாளில் அம்மாவுக்குக் கால், முகம் எல்லாம் வீங்கியது. பிரஷர் ஏறிவிட்டது, பிரசவம்வரை படுக்கையில்தான் இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். டாக்டரம்மா அப்பாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னதை நானும் கேட்டேன். “மனசு கலங்குற மாதிரி எந்தச் சேதியும் அவங்க காதுல போடாதீங்க. பிரஷர் இன்னும் ஏறினா அம்மாவுக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து.”

சாப்பாடு எனக்கு காலா வீட்டில். தசரா லீவில் ஒருநாள் மதியம் அங்கே தட்டில் கிச்சடியும் கட்டாவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கட்டா தெரியுமே, எள்ளும் புளியும் கரைத்த குழம்பு. சுவருக்கு அந்தப் பக்கம் கடப்பாரை மண்ணில் இறங்கும் சத்தம் கேட்டது. ரோஜாப் பாத்தி முன்பக்கம். சத்தம் வந்தது பின்பக்கத்திலிருந்து. கை கழுவாமல் ஓடினேன்.

துவைக்கும் கல் பக்கத்தில் ஒரு குழி இருந்தது. செடி இல்லை. அப்பா குழிக்குள் ஒரு புது ஒட்டு ரோஜாவை நிறுத்தி மண் தள்ளிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“வா பாப்பா, இங்க பாரு. கண்காட்சியில பரிசு வாங்கின ஜாதி. ரத்தச் சிவப்பு. உங்கம்மா திரும்பி வந்து பாத்தா அசந்துடுவா.”

“அந்தச் செடி எங்கப்பா?”

“அதுவா? இத்தனை நாளா நான் பாக்கவே இல்லை பாரு. எல்லாம் ஏழு இலை. ஒட்டு எங்க இருக்குன்னு அடிவரைக்கும் தோண்டிப் பாத்துட்டேன், ஒட்டே இல்லை. மேல் செடி எப்பவோ செத்து, வெறும் காட்டு வேர்தான் வளர்ந்திருக்கு. பாவம், உங்கம்மா இத்தனை நாளா காட்டு ரோஜாவுக்குத் தண்ணி ஊத்தியிருக்கா.”

ஒட்டு எப்படி இருக்கும்? அது பதியன் போட்டு, தன் வேரிலேயே நின்ற செடி. அதன் ஜாதிக்கே ஏழு இலை. இது இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு நான் செய்ததெல்லாம் கத்தியதுதான். கத்திக்கொண்டே அம்மா சொன்னதைச் சொன்னேன். செடி நின்றால்தான் குழந்தை நிற்கும் என்று சொன்னதை.

அப்பா கடப்பாரையைக் கீழே போடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். “யாரு சொன்னா?”

“அம்மாதான். அம்மாவே சொன்னாங்க.”

“சீச்சீ, செடிக்கும் பிள்ளைக்கும் இன்னா சம்பந்தம்? படிக்கிற பொண்ணு பேசுற பேச்சா இது?” என்றார். குரல் மட்டும் அவருடையதாக இல்லை. காலா சுவருக்கு மேலே தலையை நீட்டி, குழியைப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டார். “யா அல்லா! கைக்கு காட்டே பாய்? ஏன் வெட்டினே?” என்றார்.

சம்பந்தம் இல்லை என்று சொன்ன மனிதர் சாயங்காலம் எங்கே போனார் தெரியுமா? காலனிக் குப்பைமேட்டுக்கு. நானும் பின்னாலேயே போனேன். வேரோடு எறிந்த செடியை ஆடுகள் மேய்ந்து முடித்திருந்தன. முள்ளோடு சில குச்சிகள்தான் மிச்சம். அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து, ஒர்க்ஷாப்பிலிருந்து கொண்டுவந்த கழிவுப் பஞ்சை நனைத்துச் சுற்றி, பால்பவுடர் டின்களில் மண் நிரப்பி நட்டார். நட்டுவிட்டு என்னிடம், “ஆஸ்பத்திரியில வாயைத் திறக்காதே” என்றார்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் அம்மா முதலில் கேட்டது செடியைத்தான். “மழை நின்னுடுச்சே, மொட்டு விட்டிருக்குமே?”

“தழைஞ்சு நிக்குது” என்றார் அப்பா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. அம்மா என் பக்கம் திரும்பினாள். வீங்கிய கையில் வளையல் பதிந்து கிடந்தது. நான் அந்த வளையலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் பிரஷர் பார்க்கும் பட்டையோடு வந்தார், நாங்கள் பிழைத்தோம்.

வீட்டில் டின் குச்சிகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. அப்பா வேலைக்குப் போகும் முன் குனிந்து பார்ப்பார், வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் பார்ப்பார். கறுத்ததைப் பிடுங்கி எறியமாட்டார், அப்படியே விட்டுவைப்பார். அவருடைய சாப்பாட்டுக் கேரியர் பாதி அப்படியே திரும்பி வந்தது. ஆஸ்பத்திரியிலோ கேள்வி ஏறிக்கொண்டே போனது. “இன்னுமா பூக்கலை? ஒரு கொத்து கொண்டுவாங்களேன், தலைமாட்டுல வெச்சுக்கறேன்.” நாளைக்கு, நாளைக்கு என்று அப்பா தள்ளினார். “இன்னாங்க மறைக்கிறீங்க?” என்று ஒருநாள் அம்மா எழுந்து உட்காரப் பார்த்தாள். நர்ஸ் ஓடிவந்து படுக்க வைத்துவிட்டு அப்பாவை முறைத்தார்.

காலாதான் கை கொடுத்தார். பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போய், அங்கே இருந்த தாய்ச் செடியில் ஒரு கொத்துப் பறித்து, ஈரக் கைக்குட்டையில் கட்டி நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். ஆனால் அந்தப் பூவுக்குப் பயணம் ஆகாது. முடிச்சை அவிழ்த்தபோது எல்லா இதழும் உதிர்ந்து துணியோடு ஒட்டிக்கிடந்தது. அம்மா கைக்குட்டையை அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டாள். மருந்து வாடைக்கு நடுவே அந்த மணம் எனக்கும் வந்தது.

“நம்ம செடிதானே?” என்றாள் துணிக்குள்ளிருந்தே.

அப்பா என்னைப் பார்த்தார். நான் காலாவைப் பார்த்தேன். காலா கொஞ்சமும் அசரவில்லை. “ஹவ்மா, ஆமா, அதே செடிதான். நான் உனக்குப் பொய் சொல்வேனா?” என்றார். வெளியே வராந்தாவுக்கு வந்ததும் அப்பாவிடம், “தாயும் மகளும் ஒரே ரத்தம்தானே பாய், பொய் எங்க இருக்கு?” என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தீபாவளிக்குப் பட்டாசு வாங்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. அதற்குச் சில நாள் கழித்து, புதுச் சிவப்பு ரோஜாவின் காலடியில் மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு முளை வந்தது. செம்பு நிறம், சுண்டுவிரல் உயரம். இலை விரிந்ததும் அப்பா எண்ணினார். ஏழு.

இப்போது அவர் கதியைப் பாருங்கள். அது கடப்பாரைக்குத் தப்பிய அம்மாவின் செடியின் வேரிலிருந்து வந்ததாக இருக்கலாம். இல்லை, புது ஒட்டு ரோஜாவின் அடியில் இருக்கும் காட்டு வேர் விட்டதாகவும் இருக்கலாம். அதற்கும் ஏழு இலைதான். காலனி முழுக்க யோசிக்காமல் வெட்டிக்கொண்டு திரிந்த மேஸ்திரி, இரண்டு நாள் அந்த முளையைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் சமையலறைக் கரண்டியை எடுத்துக்கொண்டு வந்து மண்ணில் குப்புறப் படுத்தார். கரண்டியால் துளித்துளியாக மண்ணை விலக்கினார். வேர் அறுந்தால் தீர்ந்தது. நான் மூச்சுவிடப் பயந்து கல்லின்மேல் உட்கார்ந்திருந்தேன்.

“பாப்பா, இது தனி வேர். பழசு. சிவப்போட ஒட்டலை” என்றார். முகத்தில் மண். “உங்கம்மாவோடதுதான்டி!”

அன்றைக்கே பரிசு ஜாதியைப் பிடுங்கித் தள்ளி நட்டார். அது ஒரு வாரத்தில் காய்ந்தது, அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முளையைச் சுற்றி செங்கல் அடுக்கி, அதற்கு வெளியே கருவேல முள் வைத்துக் கட்டினார். எதிர்வீட்டு வெல்டர் எட்டிப் பார்த்து, “இன்னா மேஸ்திரி, காட்டு ரோஜாவுக்குக் கோட்டை கட்டுறியா?” என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. “கேட்டைச் சாத்திட்டுப் போ, ஆடு வரும்” என்றார்.

கார்த்திகை பிறந்த பிறகு ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கே ஆள் வந்தது. அம்மாவுக்கு பிரஷர் எகிறிவிட்டது, உடனே ஆபரேஷன். நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா ஒர்க்ஷாப் உடுப்போடு, கையில் கிரீஸ்கூடக் கழுவாமல் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். காலா ஜெபமணி மாலையை உருட்டிக்கொண்டு உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தார். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. அப்புறம் அப்பா என் பக்கம் குனிந்து, காலாவுக்குக் கேட்காதபடி சொன்னார்.

“ஓடு. வீட்டுக்கு ஓடிப்போய்ப் பாத்துட்டு வா. நிக்குதான்னு மட்டும் பாரு.”

ஓடினேன். பள்ளிக்கூட ஷூவோடு, ரெட்டைப்பின்னல் முதுகில் அடிக்க, வாட்டர் டாங்க் பக்கத்துக் குறுக்குவழியாக ஓடினேன். தூரத்திலேயே தெரிந்துவிட்டது, எங்கள் கேட் திறந்து கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் பணம் எடுக்க வந்த அப்பா, திரும்பச் சைக்கிளில் ஏறிய அவசரத்தில் சாத்தவில்லை. பின்பக்கம் போனால் ஒரு கறுப்பு வெள்ளாடு முன்காலைச் செங்கல்மேல் வைத்துக்கொண்டு, முள் வேலிக்கு மேலாகக் கழுத்தை நீட்டியிருக்கிறது. அதன் வாய் அசைந்துகொண்டிருந்தது. ஐயோ, நான் அலறிய அலறலில் ஆடு துவைக்கும் கல்லைத் தாண்டிப் பாய்ந்தது. முட்டி போட்டு உள்ளே பார்த்தேன். நுனி போயிருந்தது. குருத்து இல்லை. அடித்தண்டில் ஒரே ஒரு காம்பும் அதில் கசங்கிய இலைகளும். தொட்டுப் பார்த்தேன். தண்டு ஆடவில்லை, வேரில் உறுதியாக இருந்தது. கேட்டைச் சாத்தி, கயிற்றால் கட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அப்பா வராந்தாப் படியிலேயே நின்றிருந்தார். “நிக்குதா?”

எனக்கு மூச்சு வாங்கியது. “நிக்குது” என்றேன்.

“நல்லாப் பாத்தியா?”

“தொட்டுப் பாத்தேம்பா. நிக்குது.”

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒர்க்ஷாப்பில் சாயங்கால சைரன் ஊதியது. அது நின்ற பிறகு, கதவுக்குப் பின்னாலிருந்து பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. காலா எழுந்து நின்றார். மறுபடியும் வந்தது, இந்தத் தடவை பலமாக. கோபமாக என்றே சொல்வேன். நர்ஸ் வெளியே வந்து, “பையன். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க” என்றார். காலா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.

அம்மா வீட்டுக்கு வந்த அன்று ஆரத்தி சுற்றிப் பொட்டு வைத்ததும், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராகப் பின்பக்கம் போனாள். அப்பா அவள் முன்னால் போய் மறித்துக்கொண்டு நின்றார். அவர் மறைத்தால் மறையக்கூடிய விஷயமா அது?

“இன்னாங்க இது? செடி எங்க? சமாதி மாதிரி செங்கல் கட்டி வெச்சிருக்கீங்க?”

அப்பா எல்லாவற்றையும் சொன்னார். ஏழு இலையைப் பார்த்து ஏமாந்தது, குப்பைமேடு, டின், கைக்குட்டை, ஆடு. சொல்லும்போது அம்மா முகத்தைப் பார்க்கவில்லை, குழந்தையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீ இதை நம்பிக்கிட்டு இருந்தேன்னு எனக்குத் தெரியாதுடி. இது நின்னாத்தான் அவன் நிப்பான்னு பாப்பாகிட்ட சொல்லியிருக்கே. தெரிஞ்சிருந்தா தொட்டிருக்கமாட்டேன்.”

அம்மா சிரித்துவிட்டாள். தையல் வலிக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஐய! அது இவ பாண்டி ஆடிக் கிளையை உடைச்சாளேன்னு மிரட்டுறதுக்குச் சொன்னதுங்க. செடியைப் பாத்தா வயித்துல பிள்ளை நிக்கும்? அதைப் போயி…”

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவள் பாதியில் நிறுத்தினாள். அப்பா கிரீஸ் ஏறிய இரண்டு கையையும் என்ன செய்வதென்று தெரியாமல் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். அம்மா அந்தச் செங்கலைப் பார்த்தாள், முள் வேலியைப் பார்த்தாள், வரிசையாகக் கறுத்து நின்ற டின் குச்சிகளைப் பார்த்தாள். திரும்ப அவர் முகத்தைப் பார்த்தாள்.

“ஏங்க,” என்றாள், “உங்களுக்கும் பயமா இருந்துச்சா?”

அப்பா ஆமென்று தலையை மட்டும் ஆட்டினார். “அப்பவும்? அந்த ரெண்டு தடவையும்?” என்று அம்மா கேட்டாள். அதற்கும் தலையை ஆட்டினார். அம்மா குழந்தையை காலாவின் கையில் கொடுத்தாள். துவைக்கும் கல்மேல் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். போன இரண்டு குழந்தைகளுக்காக அவர்கள் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.